அம்மா போன பிறகு ஆரி வகுப்புக்குப் போகலாமா?

தங்கச்சி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறீர்கள், வயது 38. அம்மா உங்கள் வீட்டிலேயே 18 மாதம் படுக்கையில் கிடந்து, போன வைகாசியில் போய்விட்டார். ஒன்பது மாதம் ஆகிறது. பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடுகிறது, சாயங்காலம் நாலு மணி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. மைனி வற்புறுத்தி அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆரி வகுப்பில், அதாவது கொக்கி ஊசியால் துணியில் பூவேலை போடுகிற வகுப்பில், சேர்த்துவிட்டார். மூன்றாவது நாள் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது ஆற்றுப்பாலத்தில் திடீரென்று உறைத்தது, இரண்டு மணி நேரமாக அம்மா நினைப்பே வரவில்லை என்று. வீட்டுக்கு வந்து அழுதீர்கள், அன்றோடு வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். "பொழுதுபோக்கு உண்மையிலேயே துக்கத்துக்கு உதவுமா, இல்லை மறக்கடிக்கிற மாத்திரையா? எனக்கு அம்மாவை மறக்க வேண்டாம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். மறக்கடிக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் அம்மா எங்கேயும் போய்விடவில்லை, பாலத்தில் பஸ் ஏறினதுமே வந்து நின்றுவிட்டாரே. நான் பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், 2013-ல் என் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவளும்கூட. இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் அது தீராமல் எந்த வகுப்பும் நிலைக்காது. துக்கம் என்றால் ஐந்து படி, ஒவ்வொன்றாக ஏறி முடித்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அந்த ஐந்தையும் எழுதியபோது அவர் பேசிக்கொண்டிருந்தது தானே சாகப்போகிற நோயாளிகளோடு, அவர்களை இழந்தவர்களோடு அல்ல. பிறகுதான் அது எல்லாத் துக்கத்துக்கும் பொது என்று பரவியது. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஸ்கட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது. துக்கத்தில் இருக்கிற மனம் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். ஒரு பக்கம் இழப்பு, அதாவது அழுகை, ஏக்கம், பழைய போட்டோ. மறுபக்கம் மிச்சமிருக்கிற வாழ்க்கை, அதாவது ரேஷன் கார்டில் பேர் நீக்குவது, பிள்ளைக்குப் பரீட்சை, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது. ஒரே பக்கத்தில் தங்கிவிட்டால்தான் சிக்கல். போய்வருவதே ஆறுவதற்கான வழி. நீங்கள் அந்தப் பஸ்ஸில் செய்தது அதைத்தான், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்தீர்கள். தப்பு செய்ததாக நினைத்துக்கொண்டீர்கள்.

நம் ஊர் பெரியவர்களுக்கு இது தெரியாததும் இல்லை. துட்டி வீட்டில் ஒப்பாரி வைத்து மாரடித்த அதே பெண்கள் அரை மணி நேரம் கழித்து வெற்றிலை போட்டுக்கொண்டு செத்துப்போன ஆச்சி பண்ணின சேட்டையைச் சொல்லிச் சிரிப்பார்கள், புதிதாக யாராவது கேதம் கேட்க வந்து நின்றால் மறுபடி குரல் எழும்பும். சின்ன வயதில் இதைப் பார்த்து நடிப்பு என்று நினைத்திருக்கிறேன். அது நடிப்பு இல்லை, உடம்பு அப்படித்தான் தாங்கும்.

அப்புறம் அந்த நாலு மணி. இதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் கேள்வியின் நடுப்பகுதியாகத் தெரிகிறது. 18 மாதம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, துணி மாற்றி, கஞ்சியை ஆற்றிக் கரண்டி கரண்டியாக ஊட்டியிருப்பீர்கள். படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் இழப்பு இரண்டு. ஆள் போனது ஒன்று, கைக்கு இருந்த வேலை போனது இன்னொன்று. முதலாவதைக் கேதம் கேட்க வந்தவர்கள் பேசுவார்கள், இரண்டாவதை யாரும் பேச மாட்டார்கள், "உனக்கும் இனிமே கொஞ்சம் ஓய்வுதாம்மா" என்று சொல்லிவிட்டு வேறு போவார்கள். கை நாலு மணிக்கு எழுந்து நிற்கிறது, அதற்குப் போக இடம் இல்லை. அதனால் பொழுதுபோக்கு எதுவாக இருந்தாலும் அதை அந்த நேரத்தில் வையுங்கள் என்பது என் முதல் யோசனை. காலை பத்து மணி வகுப்பில் இடம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னாலும், நாலு மணிக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

மனசு சரியான பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனதில் ஆசை முதலில் வந்து காலை நகர்த்துவதில்லை. கால் நகர்ந்து, கை வேலை செய்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆசை பின்னாலேயே வரும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது நாலு தடவை போங்கள் என்பதுதான், பிடித்திருக்கிறதா என்ற கேள்வியையே நாலாவது தடவைக்கு முன்னால் கேட்பதில்லை. நீங்கள் மூன்று முறை போயிருக்கிறீர்கள்.

ஆரி நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது, ஆனால் என்னிடம் வந்த ஒரு பெண் சட்டத்தையே ஆலோசனை அறைக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். துணியைச் சட்டத்தில் தப்பட்டை மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறது. வலது கை மேலே, கொக்கி வைத்த ஊசியோடு. இடது கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், நூலைப் பிடித்துக்கொண்டு. ஊசி இறங்கியதும் அடியில் இருக்கிற கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்க வேண்டும், மேல்கை அதைத் திருப்பி இழுத்துக் கண்ணியாக்க வேண்டும், அந்தக் கண்ணிக்குள்ளேயே அடுத்த குத்து. இழுப்பு அதிகமானால் துணி சுருங்கும், குறைந்தால் கண்ணி தொளதொளவென்று நிற்கும். இதைச் செய்துகொண்டு வேறு எதையும் நினைக்க முடியாது, அதில்தான் விஷயமே. உங்கள் மனம் அந்த இரண்டு மணி நேரம் அம்மாவை விட்டு ஓடவில்லை, அடியில் இருக்கிற கையைத் தேடிக்கொண்டிருந்தது. துக்கத்தில் தூக்கமும் கவனமும் ஞாபகமும் பலருக்கும் கெடும், அதனால் மற்ற பிள்ளைகள் பத்து நாளில் கற்றுக்கொள்வதை நீங்கள் ஒரு மாதத்தில் கற்பீர்கள். அதைப் பார்த்து, எனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நானும் இந்த ஊர்க்காரிதானே. "ஆத்தா செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள இவளுக்குக் கிளாசு கேக்குதோ" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டாலும் சொல்வார்களோ என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். காடாத்து, பதினாறு, மாதத் திதி, வருஷத் திதி என்று நம் ஆட்கள் துக்கத்துக்குப் போட்டு வைத்த கணக்கில் எனக்கு மரியாதை உண்டு. எல்லாரும் வந்துபோக ஒரு நாள், வீட்டில் பண்டிகை இல்லை என்று சொல்ல ஒரு வருஷம், இதெல்லாம் துக்கத்துக்கு இடம் கொடுக்கிற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் வருஷம் முழுக்கக் கையைக் கட்டி உட்கார்ந்திரு என்று எங்கேயும் இல்லை. விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருங்கள், புதுப் புடவை கட்டாமல் இருங்கள், உங்கள் மனதுக்கு அது சரி என்றால். வகுப்பு விசேஷம் இல்லை. கேட்கிறவர்களிடம் நீளமாக விளக்கம் சொல்லவும் வேண்டாம், "சாயங்காலம் வீட்ல இருக்க முடியல அத்தை, அதான் போறேன்" என்று உள்ளதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் அதற்குமேல் பேச மாட்டார்கள், அவர்களுக்கும் அப்படி ஒரு சாயங்காலம் இருந்திருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2013 ஆடியில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர் பத்து மணிக்கு இல்லை. துக்கத்தைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான், ஆறு மாதம் வேலைக்குப் போவதும் வந்து படுப்பதுமாகத்தான் இருந்தேன். எங்கள் அக்காள் மகன் பறவை பார்க்கிற பையன். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-லிருந்து வருஷா வருஷம் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு மணிமுத்தாறில் வைத்திருக்கும் அகத்தியமலை மையமும் இங்குள்ள இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் சேர்ந்து நடத்துவார்கள். தன்னார்வலர்கள் குழு குழுவாகக் குளங்களைப் பிரித்துக்கொண்டு போய் எண்ணுவார்கள். "சித்தி, எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணும், வாங்க" என்று கூப்பிட்டான். ஆள் தேவை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிற வேலை என்பதால் போனேன், பறவை பார்க்க வா என்றிருந்தால் போயிருக்க மாட்டேன்.

டவுனில் நயினார்குளக் கரையில் ஆறரை மணிக் குளிர். எனக்குக் கொக்கு தெரியும், காக்கா தெரியும், அவ்வளவுதான். கட்டையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டி நீர்க்காகமா என்றேன், "கழுத்தைப் பாருங்க, பாம்பு மாதிரி நீளமா இல்ல? அது பாம்புத்தாரா" என்றான். கூட்டமாக இருந்தால் எப்படி எண்ணுவது என்றும் சொல்லிக் கொடுத்தான். முதலில் பத்தை ஒழுங்காக எண்ண வேண்டும், அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அந்த அளவை வைத்துப் பத்துப் பத்தாகத் தாவிக்கொண்டே போக வேண்டும். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள் மிதந்துகொண்டிருந்தன. எண்பதோ தொண்ணூறோ வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. பைனாகுலர் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது. பையன் ஒன்றும் கேட்கவில்லை, பைனாகுலரை வாங்கித் துடைத்து, தானே முதலிலிருந்து எண்ணி, "நூத்தி நாப்பது, எழுதுங்க சித்தி" என்றான். எழுதினேன். ஆறு மாதத்தில் ஒரு ஆள் என்னிடம் ஆறுதல் சொல்லாமல் வேலை கொடுத்தது அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் மாசியில் கூந்தன்குளம் போனேன், தனியாக, பஸ் மாறி. என் வயதில் ஒரு பெண் தனியாகப் பறவை பார்க்கப் போவது எங்கள் வீட்டில் கேள்விப்படாத விஷயம். ஊருக்குள்ளேயே, வீட்டுக்கு மேலே நிற்கிற மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும், கீழே பாத்திரம் கழுவுவார்கள், எச்சமும் மீன் நாற்றமும் இருக்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. குளத்தில் பட்டைத்தலை வாத்துகளைக் காட்டினார்கள், இமயமலையைத் தாண்டி வருகிறவை, வெயில் ஏறினால் கிளம்பிவிடும் என்றார்கள். திரும்ப எப்போ வரும் என்று கேட்டேன். மார்கழி என்றார் கரையில் நின்ற பெரியவர். பஸ்ஸில் வரும்போது, சரி, மார்கழியில் வந்து பார்க்கணும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் போன பிறகு, வரப்போகிற ஒரு மாதத்தைப் பற்றி நானாக நினைத்தது அதுதான் முதல் தடவை. அதனால்தான் யாராவது என்ன பொழுதுபோக்கு எடுக்கலாம் என்று கேட்டால், தேதி வைத்திருக்கிற ஒன்றைப் பாருங்கள் என்பேன். தோட்டம் என்றால் ஆடியில் விதைக்கணும், பறவை என்றால் ஜனவரியில் எண்ணணும். பொங்கல் விடுமுறையிலேயே தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று 2015-லிருந்து நடக்கிறது, மொட்டைமாடியில் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணி இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினாலே போதும், செலவு ஒன்றும் இல்லை. செலவில்லாமல் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. செல்போனில் படம் பார்ப்பதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது நேரத்தைத் தின்னும், கைக்கு ஒன்றும் கொடுக்காது, ராத்திரி தூக்கத்தையும் கெடுக்கும்.

புதிதாக ஒன்றைக் கற்பதா, போனவர் செய்துகொண்டிருந்ததை எடுத்துச் செய்வதா என்று பலருக்கும் குழப்பம் வரும். இரண்டுக்கும் பலன் வேறு. என் வீட்டுக்காரர் பறவை பார்த்ததே கிடையாது, அதனால் குளத்தங்கரையில் நான் யாருடைய மனைவியாகவும் நிற்கவில்லை, ஒன்றும் தெரியாத ஒரு புதுசாக நின்றேன், அது எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. இன்னொருவருக்கு நேர் மாறாக நடந்தது. ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி, மனைவி போய் எட்டு மாதம், மகள் வெளியூரில். மூன்று வேளையும் ஹோட்டல். மனைவியின் சமையல் நோட்டு ஒன்று அகப்பட்டது, அதைப் பார்த்துச் சொதி வைக்க ஆரம்பித்தார். நம் பக்கத்தில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதிதான். நோட்டில் எல்லாம் இருக்கிறது, அளவு மட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் "தேவையான அளவு". முதல் மூன்று தடவை தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. மூன்றாம் பாலில் காய் வேகணும், பருப்பும் இரண்டாம் பாலும் அப்புறம், கெட்டியான முதல் பாலை ஊற்றினால் கொதிக்க விடாமல் நுரை கட்டும்போதே இறக்கணும், எலுமிச்சம்பழம் இறக்கி ஆறின பிறகுதான் பிழியணும், இதையெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கண்டுபிடித்தார். நாலாவது தடவை நன்றாக வந்து, மகள் ஊருக்கு வந்தபோது பரிமாறினார். அவள் சாப்பிட்டுவிட்டு, "அம்மா வச்ச மாதிரி இல்லப்பா, ஆனா நல்லாருக்கு" என்றாளாம். என்னிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "நாப்பது வருசம் சாப்பிட்டிருக்கேன் மேடம், இது எப்பிடி வருதுன்னு ஒரு நாள் கேக்கலயே." அவருக்கு மனைவியைப் பற்றி மனைவி போன பிறகு ஒன்று புதிதாகத் தெரிந்தது. அழுதார், நிறைய அழுதார், அடுத்த வாரம் இடிசாம்பார் வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

போனவர்களோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் மீள முடியும் என்று மேலை நாட்டு மனநலத் துறையில் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1996-ல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் மூன்று பேரும் தொகுத்த ஒரு நூல் அதை மாற்றியது, உறவு முடிவதில்லை, வேறு உருவத்தில் தொடர்வதுதான் இயல்பு என்றது. நம் ஊரில் இதை யாரும் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாக்கி, ஓலைப்பெட்டியில் சிற்றாடை வைத்து வருஷா வருஷம் கும்பிடுகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன. அகாலமாகப் போனவர்களைத் தெய்வமாக்கி, கோயில் கொடையில் வில்லுப்பாட்டில் அவர்கள் பிறந்ததிலிருந்து செத்தது வரை கதையாகப் பாடவைத்துக் கேட்கிற மண் இது. அம்மாவை மறக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நோய் இல்லை, இந்த ஊர் வழக்கம். அதைக் காப்பாற்ற வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை என்பது மட்டும்தான் நான் சொல்வது.

வளர்ச்சி என்ற சொல்லைக் கொஞ்சம் பயத்தோடுதான் எடுக்கிறேன். துக்கம் உன்னை வளர்த்தெடுக்கும், கஷ்டம் மனிதனைச் செதுக்கும் என்றெல்லாம் ஒன்பதாவது மாதத்தில் ஒருவர் காதில் சொல்வது கொடுமை. அமெரிக்காவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹவுன் இருவரும் பெரும் துயரத்துக்குப் பிறகு வருகிற வளர்ச்சியை அளக்க 1996-ல் ஒரு அளவுகோல் செய்தார்கள். மற்றவர்களோடு நெருக்கம், புதிய வழிகள், தன்பலம், ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை உணர்தல் என்று ஐந்து பக்கம் பார்த்தார்கள். அவர்களே அழுத்திச் சொன்னது, இந்த வளர்ச்சி வேதனைக்குப் பதிலாக வருவதில்லை, அதோடு சேர்ந்தே இருக்கும், எல்லாருக்கும் வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அதே வருஷம் நியூசிலாந்தில் லோயிஸ் டொன்கின் என்ற ஆலோசகர், பிள்ளையை இழந்த ஒரு தாய் வரைந்து காட்டிய படத்தைப் பற்றி எழுதினார். ஒரு வட்டம், அது முழுக்கத் துக்கம். நாளாக நாளாகத் துக்கம் சுருங்கிவிடும் என்று அந்தத் தாய் நினைத்திருந்தார், அது சுருங்கவே இல்லை. வட்டம் பெரிதானது. துக்கம் அதே அளவில் நடுவில் இருக்க, சுற்றி இடம் வந்தது.

இந்தப் படத்தை நான் முழுசாக நம்புகிறேன், ஏனென்றால் என்னிடம் அது அப்படித்தான் நடந்தது. பதினெட்டு வயதுப் பையனிடம் "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடு" என்று கேட்கக் கற்றேன், முன்பு என்னால் முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் நின்று நத்தைகுத்தி நாரையின் அலகில் ஏன் இடைவெளி இருக்கிறது என்று பேசினேன். தனியாக வெளியூர் போய்வருகிறேன். இதில் எதையும் நோக்கமாக வைத்து நான் போகவில்லை, எழுத ஒரு ஆள் வேண்டும் என்றான், போனேன். ஆடி மாதம் இன்னும் எனக்கு ஆடி மாதம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆரி கற்றதும் உங்கள் வீட்டிலேயே யாராவது கணக்குப் போட ஆரம்பிப்பார்கள், கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு இவ்வளவு வாங்கலாமே, மைனிக்கு ஒன்று போட்டுக் கொடேன் என்று. பணத் தேவை இருந்தால் அது வேறு. இல்லையென்றால் ஒரு வருஷத்துக்கு யாருக்கும் ஆர்டர் எடுக்காதீர்கள். தேதிக்கு முடிக்கணும், கோணலாகிவிடக் கூடாது என்று வந்துவிட்டால் அது இன்னொரு சுமை, உங்களுக்கு 18 மாதச் சுமையே இன்னும் தோளில் இருந்து இறங்கவில்லை. கெட்டுப்போனாலும் யாரும் கேட்காத ஒரு வேலை உங்களுக்கு இப்போது வேண்டும்.

அதே மாதிரி, பொழுதுபோக்கு ஓட்டமாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். காலையில் யோகா, பத்து மணிக்குத் தையல், மதியம் இந்தி, ராத்திரி பஜனை, வீட்டில் அரைமணி நேரம் சும்மா உட்காரவே முடியாது, போனவர் அறைக் கதவைத் திறப்பதில்லை. அங்கே போய்வருதல் நின்றுவிட்டது, ஒரு பக்கமே ஓடுகிறார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து அழுதீர்கள் என்பதால் உங்களைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை. வேறு சிலதைக் கவனிக்கச் சொல்வேன். மாதங்கள் போயும் ஏக்கம் முதல் வாரம் மாதிரியே நாள் தவறாமல் அறுப்பது, நம்பவே முடியாமல் இருப்பது, பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கக்கூட முடியாமல் போவது, நானும் போய்விட்டால் தேவலை என்று தோன்றுவது. இப்படி நீண்டுபோகிற துக்கத்தை இப்போது மருத்துவமே தனியாகக் கவனிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேல் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்றும் எல்லை வைக்கின்றன. அதற்குப் பேச்சுவழி சிகிச்சை இருக்கிறது, ஊசிநூலால் ஆகாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்ற கணக்கே பார்க்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வகுப்பு நடத்துகிறவரிடம் போய், அம்மா தவறி ஒன்பது மாதம் ஆகிறது, சில நாள் நடுவில் எழுந்து போவேன், ஒன்றும் நினைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். அம்மாவின் புடவையில் ஒன்றை எடுத்து அதில் ஏதாவது தைக்கலாம் என்று உங்களுக்கு ஆசை வரும், நான் பார்த்த எல்லாருக்கும் வந்தது. உடனே எடுக்காதீர்கள். புதுக் கையில் ஆரி ஊசி துணியைக் கிழித்து ஓட்டை போடும், பழைய புடவை என்றால் இன்னும் சீக்கிரம் விட்டுவிடும், அதைப் பார்த்து உங்களுக்குத் தாங்காது. ஆறேழு மாதம் சாதாரண வெள்ளைத் துணியில் பழகுங்கள். வரிசையை முடிக்கும்போது கடைசிக் கண்ணியைப் பூட்ட மறக்காதீர்கள், பூட்டாவிட்டால் ஒரு நூலை இழுத்தாலே முழு வரிசையும் பிரிந்து வந்துவிடும் என்று அந்தப் பெண் எனக்கு இழுத்தே காட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டாள்.

திரும்பி வரும்போது அதே பாலம்தான், வேறு வழி இல்லை. ஜன்னலோரம் உட்காருங்கள். ஆறு தெரியும். அம்மா வந்தால், இன்றைக்கு என்ன தைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.